தீவுக்குப் பின்னால் ஒரு வெள்ளை இடம்

கடலே இல்லாத நாட்டில், கடலின் அடியை வரைகிற ஓர் அலுவலகத்தில் நான் தரை துடைத்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிசில், பாடன் என்ற ஊரில், ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. வாரத்தில் ஐந்து நாள், காலை ஆறு மணிக்கு வாளியும் துடைக்கிற தும்புத்தடியுமாகப் போனால், ஒன்பது மணிக்கு அவர்கள் கோப்பி குடிக்க எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும்.

அதற்கு முன் கொழும்பில் ஒரு துறைமுக அலுவலகத்தில் ஆறு வருடம் படவரைஞராக இருந்தேன். அதை இங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தஞ்சம் கேட்டு வந்தவர்களுக்கு அப்போது சில வேலைகளுக்குத்தான் அனுமதி: துடைப்பது, கழுவுவது, அடுக்குவது. என் கணவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் கழுவினார். நான் துடைத்தேன். அடுக்குவதற்கு வீட்டில் மூன்றாவது ஆள் இல்லை.

இனி வருகிற சுவிஸ்காரர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பார்கள். அவர்கள் சொன்னது ஜெர்மனில்தான். ஆனால் என் தலைக்குள் அது அப்படித்தான் விழுந்தது, அப்படியே எழுதிவிடுகிறேன். அவர்கள் யாரும் இதை வாசித்து ஆட்சேபிக்கப் போவதில்லை.

அந்த அலுவலகம் பிறப்பிலேயே மலை அலுவலகம். நடைபாதைப் படம், பனிச்சறுக்குப் படம், எந்தக் குன்றின் உச்சியில் எந்த உணவுவிடுதி என்று காட்டும் படம். முதலாளி ஒருவர். அவருக்குக் கீழே நாலு பேர். அந்த நாலு பேருக்கும் மேலே தலைமை வரைஞர். இவர் முப்பது வருடமாக மலைகளையே வரைந்தவர். மலையை அவர் வரைந்த பிறகு நேரில் போய்ப் பார்த்தால் மலை கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அவ்வளவு வடிவாகக் கீறுவார்.

கடல் எப்படி உள்ளே வந்தது என்றால், வட துருவப் பக்கம் கப்பல் ஓட்டுகிற ஒரு கம்பனியின் உரிமையாளர் ஒருமுறை சுவிசுக்குப் பனிச்சறுக்க வந்திருக்கிறார். விழுந்து காலை முறித்து, இரண்டு கிழமை கட்டிலில் கிடந்தபோது பார்க்க வேறு ஒன்றும் இல்லாமல் எங்கள் படத்தையே பார்த்திருக்கிறார். பிடித்துப்போயிற்று. தன் கப்பல்கள் அளந்து வைத்திருக்கும் ஆழங்களை இதேபோல ஒரு படமாக வரைந்து தரமுடியுமா என்று கேட்டு எழுதினார். முதலாளி ஒரு நாள்கூட யோசிக்காமல் முடியும் என்று பதில் போட்டார். அவர் கடலைப் பார்த்தது தேனிலவுக்குப் போனபோது.

அந்தக் கப்பல்கள் சுரங்கங்களுக்குச் சாமான் ஏற்றிப் போவன. கோடையில் பனிப்பாறை பார்க்கிற பயணிகளையும் ஏற்றும். அரசாங்கக் கடற்படம் ஒன்று கப்பலில் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பக்கத்து அரசாங்கப் படங்களில் பல இடங்களுக்கு எண்களே கிடையாது. ஆகவே கப்பலில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். அது கீழே ஒரு சத்தத்தை அனுப்பும். சத்தம் அடியில் பட்டுத் திரும்பி வர எடுக்கிற நேரத்தை வைத்து, ஓடுகிற கடதாசிச் சுருளில் ஒரு கறுப்புக் கோட்டைக் கீறும். அந்தக் கோடுதான் கடலின் அடி.

இதில் ஒரு விஷயத்தை எங்கள் அலுவலகம் பிடித்துக்கொள்ளக் கனகாலம் எடுத்தது. கப்பலுக்குத் தெரிவது தன் வயிற்றுக்கு நேர் கீழே இருப்பது மட்டும்தான். இரண்டு பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு கப்பல் போன வழியில் எண்கள் வரிசையாக இருக்கும், அடுத்த கப்பல் போன வழியில் இன்னொரு வரிசை, நடுவில் ஒன்றுமே இல்லை. பனிக்கடலில் இன்னும் மோசம். எந்த வழியைப் பனி திறந்துவிடுகிறதோ அதில்தான் எல்லோரும் போகலாம். பின்னால் வருகிற கப்பல் முன்னால் போன கப்பலின் தடத்தை விட்டு அசையாது. அது மரியாதையால் இல்லை, பயத்தால்.

தலைமை வரைஞர் முதல் தாளை மலைபோலவே வரைந்தார். சுவிஸ் மலைப்படங்களில் வெயில் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்து அடிக்கும். அது அங்கே வழக்கம், அப்படி நிழல் போட்டால்தான் மேடு மேடாகத் தெரியும். அவர் கடலுக்கும் அப்படியே நிழல் போட்டார். வட துருவத்தில், ஐம்பது மீற்றர் தண்ணீருக்கு அடியில், வடமேற்கிலிருந்து நல்ல வெயில் அடித்தது. நான் மேசைக்குக் கீழே குனிந்து துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

பேசாமல் இருக்க முடியாத நாள் ஒன்று வந்தது. அவர் அன்று வழக்கத்தைவிட முந்தி வந்து, பென்சிலில் எழுதிய எண்களைப் பார்த்துப் பார்த்து நல்ல தாளுக்கு மையில் ஏற்றிக்கொண்டிருந்தார். எல்லா எண்ணையும் ஏற்ற முடியாது, தாள் கறுத்துவிடும். சிலதைத்தான் தெரிவு செய்ய வேண்டும். அவர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு நடுவதுபோல, ஒரே இடைவெளி விட்டுத் தெரிவு செய்தார். பென்சில் தாளில் 41, 43, 40 என்று போய், நடுவில் ஒரு 9 இருந்தது. நல்ல தாளில் அந்த 9 இல்லை.

"ஒன்பது எங்கே?" என்று கேட்டேன். என் ஜெர்மனில் அப்போது கேள்விகள் இதைவிட நீளமாக வராது.

அவர் தும்புத்தடி கதைத்ததுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது ஏதோ அழுக்கு. நாப்பதுக்கு நடுவிலை ஒன்பது வராது. போட்டால் கண் தடக்கும்."

"போடாட்டில் கப்பல் தடக்கும்," என்றேன்.

கதவடியில் நின்ற முதலாளிக்கு இது கேட்டுவிட்டது. சண்டை பிடிக்காத மனிதர், உடனே கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். எத்தனை எண்ணை விட்டாலும் ஆகச் சின்ன எண்ணை மட்டும் விடக்கூடாது என்று அவர்கள் சொன்னார்கள். பாறை இருக்கிற இடம் அதுதான். அந்த ஒன்பதுக்கு மாலுமிகள் ஒரு பெயர்கூட வைத்திருந்தார்கள். அதை எனக்கு மொழிபெயர்க்க முதலாளி மறுத்துவிட்டார்.

அதன்பிறகுதான் நான் யார் என்று கேட்டார்கள். சொன்னேன். அடுத்த நாள் முதல் ஒன்பது மணிக்கு வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கை கழுவி, கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில் பன்னிரண்டு மணிவரை இருந்து கீறச் சொன்னார் முதலாளி. கணக்கில் அதுவும் துடைக்கிற மணித்தியாலம்தான், ஏனென்றால் என் அனுமதி அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அவர் ஒரு வாக்குத் தந்தார். "இந்தத் தாள் நல்லபடி போய், கம்பனி மிச்சத் தாள்களையும் எங்களுக்குத் தந்தால், உங்களை வரைஞரா வைச்சிருக்க அனுமதி கேட்டு நான் கன்டோனுக்கு எழுதுறன்." கன்டோன் என்றால் மாநில அரசு. அது ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் வாளி.

அந்தக் கடிதம் எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று அப்போது நான் யாருக்கும் காட்டவில்லை, இப்போது சொல்கிறேன்: பேனையைத் திரும்பக் கையில் பிடித்த முதல் நாள் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு அழுதேன். பிறகு வெளியே வந்தேன். அந்தக் கழிவறையைக் காலையில் துடைத்ததும் நான்தான் என்பதால் குந்தியிருந்து அழுகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது.

இனி வெள்ளை இடம். தாளின் மேல் பக்கத்தில் ஒரு தீவு. தீவுக்குப் பின்னால், தீவுக்கும் பனியாறு வந்து இறங்குகிற கரைக்கும் நடுவே, ஒரு நீரிணை. முன்பு அது முழுக்கப் பனியால் மூடிக் கிடந்ததாம். பனி பின்வாங்கியதால் இப்போது கோடையில் தண்ணீர் தெரிந்தது. இந்தப் பக்கமிருந்து ஒரு கப்பல் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பியிருந்தது. அந்தப் பக்கமிருந்து இன்னொன்று. நடுவில் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் ஒரு எண்ணும் இல்லை. அந்த வழியால் போனால் தீவைச் சுற்ற வேண்டாம், அரை நாள் மிச்சம். கம்பனி இந்தத் தாளைக் கேட்டதே அந்த அரை நாளுக்காகத்தான் என்று பிறகு தெரிந்தது.

தலைமை வரைஞர் இரண்டு பக்கத்திலும் இருந்த, ஒரே ஆழமுள்ள இடங்களைத் தொட்டுப் போகிற ஆழக்கோடுகளை அந்தத் தீப்பெட்டிக்குள்ளால் கொண்டுபோய் இணைத்திருந்தார். பென்சிலில். கோடுகள் ஒன்றோடொன்று முட்டாமல், பட்டுச் சேலைக் கரைபோல வளைந்து போயின. அதற்கு நான் மை போட வேண்டும்.

"இதுக்குள்ளை ஒருத்தரும் அளக்கேல்லை," என்றேன்.

"தேவையில்லை. பனியாறு அரைச்ச பள்ளத்தாக்கு. அடி தட்டையாத்தான் இருக்கும். நான் அப்பிடி ஒரு பள்ளத்தாக்கிலைதான் பிறந்தனான்."

நான் யன்னலைக் காட்டினேன். பாடனில் ஆற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு பாறை முதுகு கிளம்பி வந்து ஊரை நெரிக்கும். அதன் உச்சியில் பழைய கோட்டை ஒன்று இடிந்துபோய் நிற்கும். "இந்தப் பள்ளத்தாக்கைத் தண்ணியாலை நிரப்பினால், அந்தக் கோட்டையிலை கப்பல் முட்டாதோ?"

அவர் யன்னலைப் பார்த்தார். மனிதர் கோபப்படவில்லை, பதில் வைத்திருந்தார். "அது ஜூரா மலை. சுண்ணக்கல். அது வேறை கதை."

அது வேறு கதைதான். நான் பிறகு நூலகத்தில் பார்த்தேன், அவர் சொன்னது சரி. அந்த ஆளோடு வாதாடுவதில் இருந்த கஷ்டமே அதுதான், அவர் முட்டாள் இல்லை. அவருடைய விதி ஒன்று: வரைந்து முடிந்த தாளைச் சுவரில் கொழுவி, ஐந்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். கண் எங்கேயும் தடக்கக்கூடாது. தடக்கினால் தாள் முடியவில்லை. மலைப்படத்துக்கு அது நல்ல விதி. மலையில் ஒரு இடத்தை அளக்காமல் விட்டிருந்தால் ஏறிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் மாடு மேய்ப்பவனைக் கேட்கலாம்.

கணவரிடம் சொன்னேன். எங்கள் கட்டடத்தில் துணி துவைக்க எங்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு நாள்தான் தந்திருந்தார்கள். அன்று நிலக்கீழ் அறையில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் கூடைகளில் குந்தியிருந்தோம்.

"கீறச் சொன்னால் கீறிப்போட்டு வாருமன்," என்றார். "கப்பலென்ன உம்மடை அப்பாவின்ரை சொத்தோ?"

"அதுக்குள்ளை ஆக்கள் இருப்பினம் எல்லோ?"

"அவையளுக்கு ஒரு கப்டன் இருக்கிறார். எங்களுக்கு ஆர் இருக்கினம்? அந்தக் கடிதம்தான் இருக்கு." வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் ஊறி அவருடைய விரல்கள் வெளுத்து, தோல் உரிந்திருந்தன. "நான் சட்டி கழுவுறன், பரவாயில்லை. நீர் கடைசிமட்டும் துடைக்கவேண்டாம்."

திங்கட்கிழமை மை போட்டேன். ஆறு வருடப் பழக்கம், மனம் வேறொன்றை நினைத்தாலும் கை தன் பாட்டுக்கு நல்ல கோடு கீறும். தாளைச் சுவரில் கொழுவினேன். ஐந்தடி தள்ளி நின்றேன். அந்த நீரிணை வடிவாக, ஆழமாக, யாரோ நேற்றுத்தான் அளந்துவிட்டு வந்ததுபோல இருந்தது. எங்கே எண்கள் முடிகின்றன, எங்கே அவருடைய கற்பனை தொடங்குகிறது என்று தேடினேன். எனக்கே தெரியவில்லை. நான் கீறிய பொய்யை நானே நம்பிவிட்டேன். அப்போதுதான் பயம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, துடைக்கத் தொடங்குவதற்கு முன், சவர அலகை எடுத்து அந்தத் தீப்பெட்டி அளவு மையைச் சுரண்டினேன். நாங்கள் வரைந்தது வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளில். அலகைப் படுக்கவைத்து மெதுவாக இழுத்தால் மை தூளாக வந்துவிடும். முக்கால் மணி நேரம் எடுத்தது. நடுவில் மிகச் சின்ன எழுத்தில் 'அளக்கப்படவில்லை' என்று கம்பனிக்காரருடைய மொழியில் எழுதினேன். எழுத்துப்பிழை விடாமலிருக்க அகராதி பார்த்தேன். பிறகு படிக்கட்டுத் துடைக்கப் போனேன், வழக்கத்தைவிட நன்றாகத் துடைத்தேன்.

தலைமை வரைஞர் கத்தவில்லை. அந்த நாட்டில் கத்த மாட்டார்கள், அதனால் தப்ப வழியே இல்லை. "இது என்ன?" என்று கேட்டார்.

"வெள்ளை."

"அது தெரியுது. ஓட்டை விழுந்த காற்சட்டை மாதிரி இருக்கு. இதிலை நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

முதலாளி வந்து பார்த்தார். இரண்டு பேரையும் பார்த்தார். "புள்ளிக்கோடாப் போட்டால் என்ன?" என்றார். அந்த நாட்டில் எல்லாச் சண்டையும் புள்ளிக்கோட்டில்தான் முடியும். தலைமை வரைஞர் முடியாது என்றார், புள்ளிக்கோடு அசிங்கம். நான் முடியாது என்றேன், அவசரத்தில் ஓடுகிற மாலுமிக்குப் புள்ளிக்கோடும் கோடுதான். நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். கடைசியில் முதலாளி இரண்டு தாள் செய்யச் சொன்னார், ஒன்றில் கோடு, ஒன்றில் வெள்ளை. கம்பனிக்காரரே வந்து தெரிவு செய்யட்டும் என்றார். எனக்குத் தனியாக ஒரு வசனம் சொன்னார்: "அவை கோடு போட்ட தாளை விரும்பினால், உங்கடை விஷயத்தை நான் எப்பிடி எழுதுறது?" அவர் கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

கம்பனி ஒரு கப்டனை அனுப்பியது. அறுபது வயதை நெருங்கிய, ஜெர்மன் தெரிந்த மனிதர். ரயிலில் வந்து இறங்கியதும் முதல் முறைப்பாடு சுரங்கப்பாதைகளைப் பற்றி. "இருட்டுக்குள்ளை இவ்வளவு வேகமாப் போற ஆக்களை நான் காணேல்லை," என்றார். முதலாளி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். நான் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றேன்.

கப்டன் கோடு போட்ட தாளின் மேல் விரலை வைத்து நீரிணைக்குள் போனார். பாதியில் விரல் நின்றது. "இதை ஆர் அளந்தது?"

தலைமை வரைஞர்தான் சொன்னார், அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை: "ஒருத்தரும் அளக்கேல்லை. ஆனால் அப்பிடித்தான் இருக்கும்."

கப்டன் சிரிக்கவில்லை. "அங்கை பனிக்கட்டி மிதந்து வரும். வந்தால் நான் விலகவேணும். யோசிக்க எனக்கு நேரம் இராது, இந்தத் தாளைத்தான் பார்ப்பன். எந்தப் பக்கம் விலகலாம் எண்டு இதுதான் சொல்லவேணும். வெள்ளையாக் கிடந்தால் அந்தப் பக்கம் எனக்கு இல்லை எண்டு விளங்கும். இந்த வடிவான கோட்டைக் கண்டால் நான் போவன். எண்பது பேரோடை போவன்."

வெள்ளைத் தாளை எடுத்துச் சுருட்டினார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, மற்றத் தாளின் தீப்பெட்டியின் மேல் ஒரு பெரிய குறுக்குக்கோடு போட்டார். தலைமை வரைஞரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் கணவருக்கு இடியப்பம் அவித்தேன்.

இரண்டு மாதத்தில் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. கப்பல்கள் முன்போலவே தீவைச் சுற்றித்தான் போகின்றன. அரை நாள் மிச்சமாகவில்லை. ஆகவே மிச்சத் தாள்களை இப்போதைக்கு அனுப்பவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினார். தாள் இல்லை என்றால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் கன்டோனுக்கு எழுத ஒன்றும் இல்லை. கண்ணாடி மேசையில் ஒரு நடைபாதைப் படம் வந்து குந்திக்கொண்டது. நான் ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போனேன்.

கணவர் 'சொன்னனான்தானே' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்துவிட்டு ஆறியிருக்கலாம். பதினொரு மாதம் துடைத்தேன். அந்தப் பதினொரு மாதமும் ஒரு கப்பலும் அங்கே தட்டவில்லை என்பதில் எனக்கு ஏதாவது பங்கு உண்டா என்று யோசிப்பேன். பாறைக்குப் பக்கத்தில் போகாத கப்பல் எதிலும் முட்டவில்லை. இதை எந்த அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டுவது?

அடுத்த கோடை முடிகிற நேரம், நான் படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது தலைமை வரைஞர் மேலே இருந்து ஓடிவந்தார். ஈரப்படியில் அவர் ஓடி அதற்கு முன் நான் கண்டதில்லை. கையில் ஒரு கடதாசிச் சுருள். கம்பனிக்காரருக்கு அந்த வெள்ளை இடம் கண்ணில் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் அரை நாள். கடைசியில் பொறுக்க முடியாமல் சின்னப் படகு ஒன்றில் கருவியைக் கட்டி அனுப்பி, அந்த நீரிணையை மேலும் கீழுமாகப் பல தடவை அளந்துவிட்டார்கள்.

"பாருங்கோ," என்றார். "தட்டை."

படியிலேயே குந்தியிருந்து சுருளை விரித்தோம். கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டையாகப் போனது. 57, 58, 58, 56. அவர் பென்சிலில் வளைத்த வளைவுகள் ஏறக்குறைய அப்படியே. பாறை இல்லை. மேடு இல்லை. ஒரு கல்கூட இல்லை.

நான் விரலை வைத்துக் கோடு முழுக்கத் தேடினேன். தேடும்போதுதான் நான் என்ன தேடுகிறேன் என்று எனக்கு விளங்கியது. ஒரு பாறை இருந்திருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். ஒரு கப்பலைக் கிழிக்கிற அளவு நல்ல கூரான பாறை. அது இருந்திருந்தால் அந்தப் பதினொரு மாதத்துக்கும் ஒரு நியாயம் கிடைத்திருக்கும். எண்பது பேருக்காகக் கோட்டைச் சுரண்டியவள், அவர்களுடைய வழியில் பாறை இல்லையே என்று கவலைப்பட்டாள். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

"நீங்கள் சொன்னது சரி," என்றேன்.

அவர் சுருளைத் திரும்பச் சுற்றினார், கனநேரம் சுற்றினார். "சரிதான். ஆனால் எனக்குத் தெரிஞ்சிருக்கேல்லை," என்றார். "என்ரை கோடு அப்பிடியே கிடந்திருந்தால் ஒருத்தரும் போய்ப் பார்த்திருக்கமாட்டினம்." பிறகு நான் துடைத்த படியில் கவனமாக ஏறிப் போனார்.

கப்பல்கள் தீவுக்குப் பின்னால் போகத் தொடங்கின. அரை நாள் மிச்சமானது. கம்பனி சந்தோஷப்பட்டு மிச்சத் தாள்களுக்கான சுருள்களை ஒரு பெட்டி நிறைய அனுப்பியது. ஒரு நிபந்தனையும் வைத்தது: அளக்காத இடம் எல்லாம் வெள்ளையாகவே வர வேண்டும். வெள்ளையைப் பார்த்துத்தான் அடுத்த கோடையில் எங்கே படகு அனுப்புவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். முதல் தாளைத் தலைமை வரைஞர் வரைந்தார். மத்தியானம் பார்த்தால் ஒரு வெள்ளைக்குள் நாலு கோடு நீட்டிக்கொண்டிருந்தன. "கை தானாப் போகுது," என்றார். மற்ற வரைஞர்களும் அப்படித்தான். ஒருவர் வெள்ளையை விட்டார், ஆனால் அதன் ஓரத்தை வடிவாக வட்டமாக்கியிருந்தார்.

முதலாளி கன்டோனின் படிவத்தை எடுத்துவந்து தட்டச்சு இயந்திரத்தில் பூட்டினார். என் பெயர், பிறந்த இடம், எல்லாம் எழுதினார். பிறகு ஒரு கேள்வி: இந்த வேலையை உள்ளூர் ஆள் ஒருவரால் ஏன் செய்ய முடியாது? அதற்குக் கீழே மூன்று வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"எழுதுங்கோ," என்றார் தலைமை வரைஞர். "அவவாலை ஒரு இடத்தை வெள்ளையா விட ஏலும். எங்களாலை ஏலாது."

"இதை எழுதினால் சிரிப்பினம்."

"அப்ப அந்த இடத்தை வெறுமையா விடுங்கோ," என்றேன் நான்.

"விட்டால் திருப்பி அனுப்பிப்போடுவினம்," என்றார் முதலாளி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். யன்னலைப் பார்த்தார். பிறகு ஒரேயடியாகத் தட்டத் தொடங்கி, மூன்று வரியையும் நிரப்பினார். விண்ணப்பதாரர் துருவக் கடல்களின் அடித்தளத்தை நீண்டகால நேரடி அனுபவத்தின் மூலம் அறிந்தவர் என்றும், அப்படியான ஒருவர் இந்த நாட்டில் கிடைப்பது அரிது என்றும் எழுதியிருந்தார்.

நான் அதுவரை போயிருந்த ஆக வடக்கு, சுவிசின் வட எல்லையில் இருக்கிற பாசல் ரயில் நிலையம். தலைமை வரைஞர் அந்த மூன்று வரியையும் வாசித்தார். என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் முதலாளி அதை அழித்திருப்பார், அது எனக்குத் தெரியும். பேனையை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஆறு கிழமையில் அனுமதி வந்தது. கணவர் படிவத்தின் பிரதியை எடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தமிழில் சொன்னேன். "நல்லா எழுதியிருக்கிறார்," என்றார், அன்று மத்தியானம் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

அந்த மேசையில் பதினேழு வருடம் இருந்தேன். நான் வெள்ளையாக விட்ட இடங்களில் முக்கால்வாசியை அவர்கள் படகு அனுப்பி அளந்துவிட்டார்கள். சிலதில் பாறை இருந்தது, பலதில் இல்லை. அந்தப் படிவத்தின் மூன்று வரியை மட்டும் இன்றுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை.